பதிவு செய்தவர்: பெண்ணின் அப்பா

என் பவானிக் கண்ணுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் உன்னைப் பெண் கேட்டு நம் வீட்டுக்குப் போன் வந்துகொண்டிருக்கிறது.

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். தெருவுக்கே மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், மணலி ஃபேக்டரிகள் பக்கமிருந்து வருகிற நாற்றம் தாங்கவில்லை என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். 'ஐயா, வணக்கம்' என்று போட்டுவிட்டால் கை தானாக ஓடும். உனக்கு எழுத உட்கார்ந்தால் ஓடமாட்டேன் என்கிறது. மனுவில் 'பொருள்' என்று ஒரு வரி வருமே, அதில் என்ன போடுவது என்று வெகுநேரம் யோசித்தேன். பயம் என்று போடலாம். அதுதான் உண்மை.

ஹார்பரில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டினவன், அத்தனை உயரத்தில் உட்கார்ந்து உன் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைத் தின்றவன், இப்போது ஹாலில் இருக்கிற போனைப் பார்த்து நடுங்குகிறேன். அது அடித்தால் எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய். சிரித்துக்கொள், பரவாயில்லை.

முதல் போன் உன் பதினாறாம் நாள் காரியத்தன்று வந்தது. வீடு நிறைய சொந்தக்காரர்கள். வேலூரிலிருந்து யாரோ ஒருவர், ரொம்ப மரியாதையாகப் பேசினார். "இன்டர்நெட்ல உங்க பொண்ணு போட்டோ பார்த்தோம் சார். எங்க வீட்ல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு." உனக்குப் படையல் போட வைத்திருந்த வாழை இலை என் கையில் இருந்தது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் அந்த இலையில் என்னென்ன வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய வருஷம், பீச் ஸ்டேஷன் பக்கத்து ஆபீஸிலிருந்து நீ வந்ததும் வராததுமாகப் பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாயே.

"நைனா, ஒன்ன கேக்காம ஒரு வேல செஞ்சிட்டேன். கல்யாண வெப்சைட்ல என் பேர குட்த்துட்டேன்."

"தரகரு இல்லியா நமக்கு?"

"தரகரு கொண்டாந்த மூஞ்சிங்கள நீ பாத்தல்ல? போதும். ஆனா பொண்ணே பதிஞ்சா மதிக்க மாட்டாங்கோ. பதிவு செஞ்சது யாருன்னு கேட்டுச்சு. பொண்ணோட அப்பான்னு போட்டுக்கீறேன். உள்ள கீறது எல்லாம் நீ பேசற மாதிரியே எழுதிக்கீறேன்."

"இன்னா எழுதின?"

"அத்த நீ படிக்கக் கூடாது."

நான் எங்கே படிப்பது? எனக்கு இங்கிலீஷ், கப்பல் பேரை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். சரி, நம் பெண் விவரமானவள், எதையாவது செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்பது நாள் காய்ச்சல் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. அந்த வெப்சைட்டை மட்டும் அது தொடவில்லை.

உன் பேரை ரேஷன் கார்டிலிருந்து எடுத்தது அரை மணி நேர வேலை. இறப்புச் சான்றிதழைக் காட்டினேன். ரேஷன் ஆபீஸ் அம்மா ரிஜிஸ்டரைத் திறந்து, சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, 'கையெழுத்துப் போடுங்க' என்றாள். அன்றைக்கு அந்தக் கோட்டைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது நினைத்தால் அது எவ்வளவு நல்ல கோடு என்று தோன்றுகிறது. இன்டர்நெட்டில் அப்படிக் கோடு போட ஆளே இல்லை, கண்ணு.

எனக்குத் தெரிந்தது மனு. அதையே செய்தேன். வெப்சைட்காரர்களுக்கு ரிஜிஸ்டர் தபாலில் மூன்று பக்கம் எழுதினேன். சான்றிதழைச் செராக்ஸ் எடுத்து, ஹெட்மாஸ்டரிடம் அட்டெஸ்டேஷன் வாங்கி இணைத்தேன். 'மேற்படி பவானி என்பவர் காலமாகிவிட்டபடியால்' என்று எழுதும்போது பேனா இரண்டு தடவை நின்றது. அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

பிறகு பஷீர் பாயிடம் போனேன். மார்க்கெட் முனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாரே, நீ லீவு நாளில் போய் உட்காருவாயே, அவர்தான். கம்ப்யூட்டரில் உன் பக்கத்தைத் திறந்து காட்டினார். உன் மாமன் மகள் கல்யாணத்தில் எடுத்த படம், பச்சைப் புடவை. பக்கத்தில் விவரங்கள். பாய் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டார். நான்தான் விரல் வைத்துப் பார்த்தேன். எண் எனக்குப் படிக்கத் தெரியும். வயது, இருபத்தேழு.

நீ இருபத்தாறில் போனவள். மேயில் உன் பிறந்தநாள் வந்து போனது. நானும் உன் அம்மா சரோஜாவும் அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை. ஆனால் அந்த மெஷின் உனக்கு ஒரு வயது கூட்டி வைத்திருக்கிறது. அடுத்த மேயில் இருபத்தெட்டு ஆக்குமா? நான் செத்த பிறகும் ஆக்கிக்கொண்டே இருக்குமா? என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"அண்ணே, இத்த எடுக்கணும்னா பாஸ்வேர்டு வோணும்," என்றார் பாய். "மறந்துட்டேன்னு சொன்னா பாப்பாவோட மெயிலுக்கு அனுப்புவான். அந்த மெயிலத் தொறக்க வேற ஒரு பாஸ்வேர்டு."

"ரெண்டும் யார்கிட்ட கீது?"

பாய் என் முகத்தைப் பார்க்காமல், "பாப்பாகிட்டதான்" என்றார்.

அங்கிருந்தே வெப்சைட் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். ஒரு பெண் எடுத்தாள். சின்னக் குரல், உன் வயதுதான் இருக்கும். "உங்க டாட்டரையே அவங்க மெயில்ல இருந்து ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பச் சொல்லுங்க சார்." அவள் செத்துப் போய்விட்டாள் அம்மா என்றேன். அந்தப் பெண் தழதழத்துப்போய், "சாரி சார். ஆனா ரிக்வெஸ்ட் அவங்க மெயில்ல இருந்துதான் சார் வரணும்" என்றாள். என் கோபம் உனக்குத் தெரியும். அன்றைக்கு அது வரவே இல்லை. கிரேன்காரனுக்குப் பெரிய பயம் எது என்று நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். கப்பலிலும் இறங்காமல் கரையிலும் இறங்காமல் நடுவில் தொங்குகிற லோடு என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பயம் ரிட்டையர் ஆனபிறகு எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

இத்தனைக்கும் அந்த பாஸ்வேர்டு நம் வீட்டில்தான் இருந்திருக்கிறது. ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள் நீ ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்திருந்தாயாம், அம்மாவிடம் பத்திரம் என்று சொல்லி. பேர் எடுக்க நான் கார்டைக் கேட்டபோது சரோஜா அதை உருவி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு இது போன வாரம்தான் தெரியும். ஏன் ஒளித்தாள் என்பதற்கான காரணத்தை மட்டும் அதற்கு முன்பே காதால் கேட்டுவிட்டேன்.

ஒரு நாள் பால் வாங்கிக்கொண்டு வருகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சிரிப்புச் சத்தம். உன் அம்மா சிரிக்கிறாள். பத்து மாதமாக நான் கேட்காத சத்தம். போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"பவானி ஆபீஸ் போய்கீது. ஆறரைக்கு வந்துரும். இல்லமா, சமையலு நல்லா பண்ணும். கோவம் மட்டும் மூக்கு மேல நிக்கும். ஆங், அவங்க நைனா மாதிரி!"

பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றேன். உள்ளே போய் அந்தப் போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். ஏன் செய்யவில்லை? அவள் புத்தி தடுமாறுகிறது என்ற பயம் ஒரு பக்கம். அந்தச் சிரிப்பு நின்றுவிடுமே என்ற பயம் இன்னொரு பக்கம். சத்தம் போடாமல் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு பீச்சுப் பக்கம் நடந்தேன். திரும்பி வருவதற்குள் பால் திரிந்துவிட்டது.

இன்னொன்று சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து சரோஜா குழாயடிக்குப் போயிருந்தபோது போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். அன்றைக்கு சரோஜா சிரித்துப் பேசிய அம்மாதான், மீஞ்சூரிலிருந்து, பையனுக்குப் பெண் கேட்டு. "பவானி இருக்குதாண்ணே?" என்று கேட்டார். 'அவ ஆபீஸ்ல கீறா, சாயந்தரமா பண்ணுங்க' என்று நான் சொன்னேன். யோசிக்கவே இல்லை, நாக்கு அதுவாகச் சொன்னது. வைத்தபிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்தேன். நீ வர இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்தேன், கண்ணு. அதற்கப்புறம்தான் வேர்த்துக் கொட்டியது. அதுவரைக்கும் உன் அம்மாவுக்காகப் பயந்தேன். அன்றிலிருந்து எனக்கு என்னைக் கண்டே பயம்.

அந்த வாரமே சோறு போடும்போது சரோஜா சொன்னாள்: "ஞாயித்துக்கெயம மீஞ்சூர்லந்து வராங்கோ. நல்ல சட்டயா எடுத்துப் போட்டுக்க."

"யார பாக்க வராங்கோ?"

"பவானியத்தான்."

"பஸ்லயா, ட்ரெயின்லயா?"

"பஸ்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே தேரடி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். அவர்களை அங்கேயே மடக்கி விஷயத்தைச் சொல்லி, கையைக் காலைப் பிடித்தாவது திருப்பி அனுப்பிவிடுவது என்று திட்டம். சொல்ல வேண்டியதை மனதுக்குள் மனு மாதிரி எழுதியும் வைத்திருந்தேன். ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தேன். பூவும் பழமும் கையில் இருந்தால் இரண்டடி முன்னால் வைத்தேன். பதினொன்றரை வரைக்கும் நின்றேன். வரவில்லை. மனசு மாறிவிட்டார்கள் போல, அம்மன் காப்பாற்றினாள் என்று வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் மூன்று ஜோடிப் புதுச் செருப்பு. ட்ரெயினில் வந்திருக்கிறார்கள். நான் வழிமறிப்பேன் என்று தெரிந்தேதான் உன் அம்மா பஸ் என்று சொல்லியிருக்கிறாள்.

உள்ளே மீஞ்சூர் அம்மா, அவர் தங்கை, பையன் சிவகுமார். சுவரில் உன் படத்தைக் காணோம். டிவி மேல் இருந்தது, மாலை இல்லாமல், பொட்டும் அழிக்கப்பட்டு, சும்மா ஒரு போட்டோவாக. கேசரித் தட்டுகள். சரோஜா பட்டுப்புடவையில் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே," என்றார் மீஞ்சூர் அம்மா. "பொண்ண வரச் சொல்லுங்க, நல்ல நேரம் போய்டப் போவுது."

சரோஜா என்னைப் பார்த்தாள். போனில் மூன்று மாதம் பேசியவளுக்கு, ஆட்கள் எதிரில் வந்து உட்கார்ந்ததும் வாய் அடைத்துப் போயிருந்தது. நான் வாயைத் திறந்தேன். பஸ் ஸ்டாப்பில் மனப்பாடம் செய்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன. ஆனால் வந்தது வேறு.

"ஆபீஸ்ல அர்ஜென்ட் வேலன்னு கூப்ட்டாங்கோ. தோ, ரெண்டு மணிக்கு வந்துரும்."

சிரித்துக்கொண்டே சொன்னேன். சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பியும் பார்த்தேன்.

டம்ளர் கீழே விழுந்தது. சரோஜா என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? முப்பது வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துப் பயந்ததே இல்லை. நான் குடித்துவிட்டு வந்த நாட்களில்கூட இல்லை.

"யோவ், இன்னாய்யா சொல்ற நீ?" என்றாள். கிட்டே வந்து என் சட்டையைப் பிடித்தாள். "நீயுமாய்யா?" பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாள். "அவ இல்லீங்க. எம் பொண்ணு செத்துப் பூட்டா. பதினோரு மாசம் ஆவுது."

பதினோரு மாதத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.

மீஞ்சூர் அம்மா எழுந்துவிட்டார். "இன்னாம்மா வெளாட்டு இது? மூணு மாசமா எங்கிட்ட அவ்ளோ பேசினியே!"

"பேசினா அவ கீற மாதிரியே இருந்துச்சும்மா," என்றாள் உன் அம்மா.

அந்த அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. கேசரியைத் தொடவில்லை. தங்கையை இழுத்துக்கொண்டு, "வாடா, போய்த் தலைக்கு ஊத்திக்கணும்" என்று தெருவில் இறங்கிவிட்டார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஓடியிருப்பேன்.

பையன் மட்டும் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தான். உன் பக்கத்தின் பிரிண்ட் அவுட். "இதை எழுதினது நீங்களா சார்?" என்றான்.

"அவ எழுதினது. எம் பேர்ல."

"இதைப் படிச்சிட்டுத்தான் சார், போய்ப் பார்க்கலாம்னு அம்மாகிட்ட சொன்னேன்." கொஞ்சம் தயங்கினான். வெளியே அவன் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வாசற்படியில் நின்றபடி வரி வரியாகத் தமிழில் சொன்னான். நான் எழுதினதாக நீ எழுதினது.

'நான் கிரேன் ஆபரேட்டர். எனக்கு ஒரே மகள். அவளுக்குக் கோபம் வரும், ஐந்து நிமிஷத்தில் போய்விடும். அது என்னிடமிருந்து போனது, அதற்கு நான் பொறுப்பு. அவளுக்குச் சம்பாத்தியம் இருக்கிறது, பயம் கிடையாது. எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். கல்யாணத்துக்கு அப்புறமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை என்னைப் பார்க்க விட வேண்டும். வெளியில் காட்டிக்கொள்ளமாட்டேன், ஆனால் அவள் இல்லாமல் எனக்குத் தாங்காது.'

இதை நான் எப்போது உன்னிடம் சொன்னேன்? சொன்னதே இல்லையே. உனக்கு எப்படித் தெரிந்தது, கண்ணு?

பையன் அந்தக் காகிதத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனான். உன் அம்மா ரவிக்கையிலிருந்து சீட்டை எடுத்து, வியர்வையில் நைந்து போயிருந்ததை, அதன் மேலேயே வைத்தாள்.

மறுநாள் இரண்டு பேரும் பஷீர் பாயிடம் போனோம். சீட்டைப் பார்த்து பாய் தட்டினார், திறந்தது. நீக்குவதற்குக் காரணம் கேட்டது. பாய் வாசித்தார்: "எங்க வெப்சைட் மூலமா கல்யாணம் முடிஞ்சுது. வேற வழில கல்யாணம் முடிஞ்சுது. இப்ப வரன் தேடல. அவ்ளோதான் கீதுண்ணே."

"செத்துட்டாங்கன்னு?"

"அப்டி ஒண்ணு போடல அவன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. சாகிறவர்களே கிடையாதா இவர்களுக்கு? சரோஜாதான் என் தோளைத் தொட்டு, "மூணாவது போடு பாய். இனிமே தேடல" என்றாள். 'நிச்சயமாக நீக்கவா' என்று அது மறுபடி கேட்டது. நான் சரோஜாவைப் பார்த்தேன். "ஆங்," என்றாள் அவள். பச்சைப் புடவை போய்விட்டது. உனக்கு இனி வயது ஏறாது.

பயம் போய்விட்டதா என்று கேட்காதே. பாய் சொல்கிறார், இங்கிருந்துதான் அழிந்தது, யார் யார் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார்களோ, நம்பர் குறித்து வைத்திருக்கிறார்களோ, அதெல்லாம் தெரியாது என்று. எந்த ஊரில் எந்த வீட்டில் யார் உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜாதகம் பார்க்கிறார்களோ? உன் மெயில் பெட்டியும் அப்படியே இருக்கிறதாம். அதற்கும் இதே பாஸ்வேர்டுதானாக இருக்கும் என்கிறார். ரொம்ப நாள் யாரும் திறக்காவிட்டால் தானாகவே போய்விடுமாம். திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். அதில் என்ன இருக்குமோ என்று பயம், அது போய்விட்டால் உன்னுடையது இன்னும் ஒன்று போகுமே என்றும் பயம். வேண்டாம் என்றுவிட்டேன். நீ இருந்தபோது உன் கடிதம் எதையும் நான் பிரித்ததில்லை.

உன் படத்தை சரோஜா மறுபடி சுவரில் மாட்டிவிட்டாள். பொட்டு வைத்தாள். மாலையை நான் போட்டேன்.

இனிமேல் போன் அடித்தால் பாத்ரூமுக்குப் போகமாட்டேன். பயந்துகொண்டே நானே எடுக்கிறேன். அவ இல்லீங்க என்று நானே சொல்கிறேன். உன் அம்மாவையும் அந்த வார்த்தையைத் தனியாகச் சொல்ல விடமாட்டேன். நாக்கு மறுபடி ஏமாற்றப் பார்த்தால், பையன் கொடுத்த அந்தக் காகிதம் போன் பக்கத்திலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேயும் போகாமல் வீட்டில்தான் இருப்பேன். இது சத்தியம்.

என் பேரில் நீ எழுதினதற்கு என் கையால் நானே எழுதின பதில் இது.

பதிவு செய்தவர்,
உன் நைனா